துண்டுக்கு அடியில் இடது கை

ஜூலை 7, ஞாயிறு

தீவனக் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இதுவரை மழை பெய்த நாளையும் லோடு வந்த நாளையும் மட்டும்தான் இதில் குறித்திருக்கிறேன். மே பதினொன்றுக்குப் பிறகு அதுவும் இல்லை. இன்று கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது. மனதில் போட்டு வைத்துக்கொண்டு தீவனக் கடையில் உட்கார்ந்தால் எடை தப்பிப் போகிறது.

மிதுனின் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் ரெஜினா, இன்று கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்.

"சார், வாரத்துக்கு மூணு நாள் வந்து அரை மணி நேரம் அசைச்சு விட்டுட்டுப் போறேன். மத்த நேரமெல்லாம் உங்க பையன் அந்தக் கையை மூடி வெச்சுக்கிட்டுக் கம்முனு படுத்திருக்கார். நரம்பு அறுந்து போகலை சார், இழுபட்டிருக்கு. விரலுக்கு வேலை குடுத்தாத்தான் திரும்பி வரும். தீபாவளிக்குள்ள விரல் எதையாவது புடிக்க ஆரம்பிக்கணும். இல்லைன்னா டாக்டர் ஆபரேஷனுக்குப் போகலாம்பாரு. அதுலயும் உறுதி சொல்ல முடியாது."

"ரப்பர் பந்து வாங்கிக் குடுத்தனுங்க. தொட மாட்டேங்கறான்."

"பத்தொம்பது வயசுப் பையன் ரப்பர் பந்தை எதுக்கு சார் தொடுவான்? ஆசைப்படற எதையாவது குடுங்க."

உள்ளேயிருந்து தன்ஷிகா கத்தினாள். என் மகள், எட்டாம் வகுப்பு. "கேம் வாங்கலாங்ப்பா! அண்ணனும் நானும் போன்ல ஆடுவோம்ல, அதே மாதிரி பெருசா!"

என் மனைவி வசந்தாமணி சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "வண்டியில பறந்து கையைப் போட்டுக்கிட்டுக் கெடக்கறான். இதுல கேம் ஒண்ணுதான் கொறைச்சல். மெதுவா ஓட்டு, மெதுவா ஓட்டுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். பெத்தவ பேச்சுக்கு என்ன மருவாதி?"

மிதுனின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். நான் ரெஜினாவுக்குக் கேட்டைத் திறந்துவிடப் போனேன்.

ஜூலை 9, செவ்வாய்

விசாரித்தேன். கேம் விளையாட இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று கேமிங் கம்ப்யூட்டர். இன்னொன்று கன்சோல் என்று ஒரு பெட்டி. அதை டிவியில் மாட்டி, கன்ட்ரோலரைக் கையில் பிடித்து ஆட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைப் பையன் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நான் பதினாறு வயதில் சந்தையில் மாட்டுத் தரகனாக இருந்து மேலே வந்தவன். கம்ப்யூட்டர் என்பது ஏருக்கும் வண்டிக்கும் ஆகிற காளை. கேமும் ஆடலாம், கடை பில்லும் போடலாம், மிதுன் காலேஜ் படிப்பும் பார்க்கலாம். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கன்சோல் ரேக்ளா பந்தயத்துக்கு மட்டும் வளர்க்கிற காளை. வேறெதற்கும் ஆகாது.

அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். "கம்ப்யூட்டர்னா மவுஸ் மட்டும் வெச்சே ஆடற கேம் நெறைய இருக்குதுங்ணா. ஒத்தைக் கை போதும்."

நான் எதுவும் சொல்லாமலே அவன் அப்படிச் சொன்னான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

கம்ப்யூட்டர்தான் என்று வீட்டில் சொன்னேன். தன்ஷி சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரை எங்க வெப்பீங்ப்பா?"

"அண்ணன் ரூம்ல."

"எத்தனை சேர்?"

"ஒண்ணு."

"அவ்வளவுதான். அண்ணன் கதவைச் சாத்திக்குவான். இப்ப சோத்துக்காவது வெளிய வர்றான். அப்புறம் அதையும் உள்ளயே கேப்பான். கன்சோல்னா ஹால்ல, டிவில. நாலு பேரும் உக்காரலாம்."

"மவுசுன்னா ஒரு கையில ஆடலாமாம் கண்ணு."

"எந்தக் கையில?"

வலது கை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ரெஜினா வேலை கொடுக்கச் சொன்னது இடது கைக்குத்தானே. நல்ல கைக்கு வேலை கொடுக்கவா இத்தனை பாடு? எட்டாம் வகுப்புப் பிள்ளை என்னை இரண்டு கேள்வியில் மடக்கிவிட்டது. தரகுக்கு வந்திருந்தால் என்னை விற்றுத் தின்றிருக்கும்.

மிதுன் சாப்பிட்டு முடித்து எழுந்தான். இடது கையைப் பச்சைக் கரைத் துண்டால் மூடியிருந்தான். மெலிந்துபோன கையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூட அந்தத் துண்டை எடுப்பதில்லை. துண்டு என்னுடையது. சந்தைக்குப் போகையில் தோளில் போடுவது. தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கை மேலும் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடிப்போம். ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. கையை உதறினால் கட்டாது, அந்த விலைக்கு ஒத்துவராது என்று அர்த்தம். முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தால் பேரம் முடிந்தது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது.

மறைப்பதற்கு நல்ல துண்டுதான்.

ஜூலை 14, ஞாயிறு

குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய எல்லா அட்டியையும் பிரித்து, மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கச் சொன்னேன். எட்டு மூட்டை உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

ஜூலை 18, வியாழன்

நேற்று ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப் பொருள் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறாள் வசந்தாமணி. ஆடியில்தான் தள்ளுபடி கிடைக்கும் என்கிறேன் நான். பதினெட்டாம் பெருக்கு அன்று கோயம்புத்தூர்க் கடையில் நல்ல தள்ளுபடி இருக்கிறதாம். அதுவரை பொறுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

ரெஜினாவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. "ஒவ்வொரு வாரமும் முக்கியம் சார்." இரண்டு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்டேன். அவள் மிதுனின் கைச் சுற்றளவை நாடாவில் அளந்து காட்டினாள். இடது முன்கை வலதைவிட இரண்டு விரற்கடை குறைவு.

அப்படியும் பொறுத்துத்தான் வாங்கப் போகிறேன். பழக்கம் விடவில்லை.

ஜூலை 25, வியாழன்

லோடு இறக்க வந்த மேஸ்திரி ரங்கன், புது அட்டியைச் சுற்றிவந்து பார்த்தான். எட்டு மூட்டைதானா என்று விரலை நீட்டி எண்ணினான்.

"இப்பத்தானுங் மொதலாளி அட்டி அட்டியாட்டம் இருக்குது." பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "தம்பிக்குக் கை எப்படிங் இருக்குது?"

"பரவால்ல."

"பைக்கெல்லாம் பாத்துத்தானுங் ஓட்டோணும்."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அட்டியைப் பார்த்துச் சொன்னான்.

ஆகஸ்ட் 3, சனி

கன்சோலே வாங்கியாயிற்று.

தன்ஷி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். 'ஒரு கை சரியாக இயங்காதவர்களுக்கென்று தனிக் கன்ட்ரோலர் உண்டு. அது இருக்கிறதா என்று கேட்கவும். கட்டாயம்.' கட்டாயத்துக்கு அடியில் இரண்டு கோடு. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு என்ன, இருபத்திரண்டு வயது இருக்கும். பொறுமைசாலி. வாரண்டி எத்தனை வருஷம், பழசை எடுத்துக்கொள்வார்களா, சூடானால் என்ன ஆகும், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று நான் கேட்ட கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள். நான் இரண்டு தரம் எழுந்து வாசல் வரை போனேன். இரண்டு தரமும் கூப்பிட்டார்கள். கடைசியில் இரண்டாவது கன்ட்ரோலரும், ஒரு கேமும் சும்மாவே வாங்கிவிட்டேன். சும்மா கொடுக்க அந்த ஒரு கேம்தான் மீதி இருந்தது.

"யாருக்கு சார் வாங்கறீங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுக்கு. நாலு பேரும் ஆடறதுக்கு."

"வேற ஏதாவது ஸ்பெஷலா தேவையிருக்கா சார்?"

காகிதம் பையில் இருந்தது. மாடு வாங்கப் போகிறவன் எதற்கு வாங்குகிறேன் என்று சொல்ல மாட்டான். கறவை நின்று வீட்டில் குழந்தைக்குப் பாலில்லை என்று சொன்னால், அந்த நிமிஷமே விலை ஏறிவிடும். முப்பது வருஷம் அப்படியே வாங்கிப் பழகியவன் நான். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

பழக்கம் மட்டும்தானா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். என் பையனுக்கு ஒரு கை வராது என்று சொன்னால், அவள் எப்படி ஆச்சு என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதிலை இன்னொரு ஆளிடம் சொல்ல இன்று முடியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையிலேயே தன்ஷி எல்லா ஒயரையும் மாட்டிவிட்டாள். டிவியில் வெளிச்சம் வந்ததும் மிதுன் தானாக எழுந்து ஹாலுக்கு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவை. வசந்தாமணிகூட ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

மிதுன் சோபாவில் உட்கார்ந்தான். தன்ஷி பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"அப்பா, நான் எழுதிக் குடுத்தேனே. அந்தக் கன்ட்ரோலர் எங்கீங்?"

"ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க கண்ணு."

வாயில் பொய் அவ்வளவு சுலபமாக வருகிறது. மிதுன் என்னை நிமிர்ந்து பார்த்தான். என் பொய் அவனுக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் அதே குரல்தானே.

அவன் சாதாரணக் கன்ட்ரோலரை வலது கையில் வாங்கினான். இடது பக்கம் ஒரு குமிழ், வலது பக்கம் ஒரு குமிழ். இரண்டு கையால் பிடிக்கிற மாதிரி செய்த பொருள் அது. மடியில் வைத்து வலது கையாலேயே இரண்டு பக்கத்தையும் எட்டிப் பார்த்தான். நழுவிக் கீழே விழுந்தது. தன்ஷி எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

இதற்குள் திரையில் கேம் வந்துவிட்டது. கார் ரேஸ். நான் பேரம் பேசிச் சும்மா வாங்கி வந்த கேம்.

"இதுவா?" என்றாள் வசந்தாமணி. "ரோட்டுல பறந்தது பத்தலைன்னு ஊட்டுக்குள்ளயும் பறக்கறதுக்கு வாங்கிக் குடுத்திருக்கறாரா உங்கொப்பன்?"

மிதுன் கன்ட்ரோலரைத் தங்கையின் மடியில் வைத்தான். "நீ ஆடு தன்ஷி. எனக்குத் தூக்கம் வருது." எழுந்தபோது துண்டு சரிந்தது. அவசரமாக இழுத்து மூடிக்கொண்டு போனான். கதவு சாத்திக்கொண்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கடைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன் சார், பொருள்ல ஏதாவது குறையா?"

"பொருள்ல இல்லம்மா." குடோனில் யாரும் இல்லை. மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். "என்ற பையனுக்கு இடது கை வராது. விரல் புடிக்காது. அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

"அடடா. ஏன் சார் சொல்லலை? எப்படி ஆச்சு?"

"மூட்டை சாஞ்சுருச்சு. என்ற குடோன்ல."

சொல்லி முடித்ததும் போனை மறு காதுக்கு மாற்றினேன். ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளையிடம் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன். அவளுக்கு அது வெறும் தகவல். "சரி சார், வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு யாரிடமோ கேட்டு வந்தாள். அந்தத் தனிக் கன்ட்ரோலர் அவர்களிடம் உண்மையிலேயே இல்லையாம், வரவழைக்க இரண்டு மாதம் ஆகுமாம். ஆனால் நான் வாங்கிய பெட்டியில் ஒரு செட்டிங் இருக்கிறதாம். இரண்டு கன்ட்ரோலரையும் சேர்த்து ஒரே ஆளுடையது மாதிரி ஆக்கிவிடலாமாம். ஒருவர் இடது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் வலது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

"அவர் வலது பக்கம் ஆடட்டும் சார். இடது பக்கத்துக்கு நீங்க உக்காருங்க."

ஆகஸ்ட் 7, புதன்

நேற்று போனில் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் இந்த டைரியும் பொய்தான்.

மே 11, சனிக்கிழமை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு லோடு வந்தது. பழைய அட்டி பதினான்கு மூட்டை உயரம் நின்றது. இடம் மிச்சமாகும் என்று குறுக்கடுக்கு இல்லாமல் நேராக ஏற்றச் சொன்னவன் நான்தான். ரங்கன் பார்த்துவிட்டு, "இது சாயுமுங். பிரிச்சு அடுக்கிட்டுத்தான் மேல ஏத்துவோம், அதுக்குத் தனிக் கூலிங்" என்றான். அதட்டி அவர்களை அனுப்பிவிட்டேன். காலேஜ் லீவில் வந்திருந்த மிதுனைக் கூப்பிட்டேன். "வா சாமி, ரெண்டு பேரும் சேந்து ஏத்திரலாம்."

அவன் அட்டி மேல் கால் வைத்ததும், "அப்பா, ஆடுதுங்" என்றான்.

"ஒண்ணும் ஆகாது, ஏறு."

இவ்வளவுதான் நடந்தது. ஒரே வார்த்தை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே சொன்னேன். "கேட்டா பைக்ல விழுந்தேன்னு சொல்லிரு சாமி." கூலிக்குப் பேரம் பேசி மகன் கையைப் போட்டவன் என்று கடைவீதியில் ஆகிவிடும் என்ற பயம். வசந்தாமணி முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம். அவன் பின்சீட்டில் வலியில் முனகிக்கொண்டு கிடந்தான். அந்த வலியோடு, "சரிங்ப்பா" என்றான்.

மறுநாள் காலையில் அவன் பைக்கை குடோனுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் போட்டு, செங்கல்லால் டேங்கையும் ஹேண்டிலையும் தேய்த்தேன். நன்றாகத்தான் தேய்த்தேன். நான் எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வேன்.

அன்றிலிருந்து அவள் அவனைத் திட்டுகிறாள். நான் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

இன்று மாலை ஐந்து மணிக்கு மிதுனின் அறைக்குள் போனேன்.

"எனக்கு அந்தக் கேம் ஆடோணும். வலது கை எனக்குச் சொன்ன பேச்சு கேக்காது. நீ வலதுக்கு வா, நான் எடதுக்கு நிக்கறேன்."

"உங்களுக்கு ஆட வராதுங்ப்பா."

"அதுக்குத்தான் ஆள் கேக்கறேன்."

வந்தான். எனக்காக இல்லை. தன்ஷி கதவருகில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றதற்காக.

தன்ஷி செட்டிங் போட்டாள். மிதுன் வலது பக்கம், நான் அவனுக்கு இடது பக்கம். வேகம் கூட்டுவதும் குறைப்பதும் அவன் கையில். வண்டியைத் திருப்புகிற குமிழ் என் இடது கட்டைவிரலில். புறப்பட்ட உடனே சுவரில் இடித்தேன். திருப்பி எடுத்து எதிர்ச் சுவரில் இடித்தேன்.

"லெப்ட்டுங்ப்பா! லெப்ட்டு!"

"திருப்பிட்டேன்டா!"

"அது ரைட்டு!"

தன்ஷி தரையில் உருண்டு சிரித்தாள். மிதுனுக்கும் வாய் ஓரம் இழுத்தது. அவன் சொல்லி, என் காதில் விழுந்து, விரலுக்குப் போவதற்குள் வளைவு தாண்டிவிடும். ஒரு வளைவில் எதிரே பெரிய லாரி வந்தது. பயத்தில் என் வலது கை தானாகப் போய்ப் பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டது. துண்டுக்கு அடியில், அவனுடைய இடது கை.

இழுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. இழுக்கப் பலமில்லையோ என்னவோ. ஆனால் என் உள்ளங்கையில் ஒரு விரல் அசைந்தது. ஈ உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. சந்தையில் எத்தனை ஆயிரம் விரலைப் பிடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒன்று.

இடது பக்கம் திருப்பினேன். லாரி தாண்டிவிட்டது.

மிதுன் திரையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னான். "ஒண்ணுன்னா லெப்ட்டு. ரெண்டுன்னா ரைட்டு. சந்தையில மாதிரி."

அதன்பின் பேச்சே இல்லை. துண்டுக்கு அடியில் ஒன்று, இரண்டு, ஒன்று. சில தடவை ரொம்ப நேரம் கழித்து வந்தது, சில தடவை வரவே இல்லை. வராதபோது இடித்தோம். அவன் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு சுற்று முடித்துக் கடைசி ஆளாகத்தான் வந்தோம். தன்ஷி குதித்தாள்.

வசந்தாமணி கடைக்குப் போய்விட்டுக் காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"மறுக்காவும் வண்டிதானா? ஏன்டா, உனக்குப் புத்தியே வராதா? அந்த பைக்கை இன்னைக்கே பழைய இரும்புக்குப் போடப் போறேன். அதுல ஏறிப் பறந்துதானே இப்படிக் கெடக்கறே?"

மிதுன் தலை குனிந்தான். மூன்று மாதமாகக் குனிகிற மாதிரியே.

"வசந்தா," என்றேன். "அது பைக் இல்ல."

துண்டுக்கு அடியில் அவன் கை உதறியது. சொல்ல வேண்டாம், கட்டாது. அதற்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"குடோன்ல மூட்டை சாஞ்சுது. ரங்கன் வேண்டாம்னான். இவனும் ஆடுதுன்னு சொன்னான். நான்தான் ஏறுன்னேன். பைக்னு சொல்லச் சொன்னதும் நான்தான். அந்தக் கீறலும் நான் போட்டது."

பை கீழே விழுந்து தக்காளி உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"நீங்க போட்டதா?" என்றாள். கீறலைத்தான் கேட்டாள். "எதுலீங்?"

"செங்கல்லுல."

அவள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்ஷி என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வசந்தாமணி ஸ்கூட்டரில் தனியாக குடோனுக்குப் போய் வந்தாள். வாட்ச்மேன் சொன்னான். அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தாளாம்.

வந்து மிதுனின் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் ஹாலில் இருந்தேன்.

"ஏன் சாமி, நான் அத்தனை பேச்சு பேசுனேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்பா சொல்லுவாருன்னு இருந்தேம்மா."

எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ரங்கனைக் கூப்பிட்டு, அன்று அவன் சொன்னதைக் கேட்காதது என் தப்பு என்று மற்ற ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். "எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங் மொதலாளி" என்றான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மூன்று மாதமாக எல்லோரும் தெரிந்துகொண்டுதான் என்னிடம் பைக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

வசந்தாமணி என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மேஜையில் இருக்கும். நான் போட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பைக்கைத் துடைத்து வைத்தேன். கீறலுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்ப்பா, இருக்கட்டும்" என்றான் மிதுன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று ரெஜினா நாடா வைத்து அளக்கவில்லை. தன் இரண்டு விரலை அவன் இடது கைக்குள் கொடுத்து, "புடிங்க" என்றாள். பிடித்தான். "சுட்டுவிரலும் நடுவிரலும் நல்லா வந்திருக்கு சார். மோதிர விரல் இப்பத்தான் கண்ணைத் திறக்குது. மத்த ரெண்டும் இன்னும் தூக்கம்தான். என்ன பயிற்சி குடுத்தீங்க?"

"மாட்டு வியாபாரம்" என்றான் மிதுன். அவளுக்குப் புரியவில்லை.

மாலையில் ஆட உட்கார்ந்தோம். இப்போது தினமும் ஆடுகிறோம். அவன் என்னோடு அதிகம் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் வருகிற ஒன்றும் இரண்டும்தான் பேச்சு. அது வண்டி திருப்புவதற்குத்தான், எனக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். தன்ஷி என் காலடியில் உட்கார்ந்து கொள்கிறாள், ஆனால் சாய்ந்துகொள்வதில்லை. வசந்தாமணி பின்னால் டைனிங் டேபிளில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்தாள். ஒன்பது நாளாக என்னிடம் ஒரு சொல் இல்லை.

மூன்றாவது சுற்று, நேரான ரோடு. திருப்ப வேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் அவன் விரல் அசைந்தது. ஒன்று. பிறகு இரண்டு. பிறகு மூன்று. மூன்றுக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது. தவறிப் பட்டது என்று நினைத்தேன். விரல்கள் விலகாமல் அப்படியே நின்றன. சுண்டுவிரலும் கட்டைவிரலும் மெல்ல வந்து சேர்ந்து என் கையைச் சுற்றி மடங்கின. அவற்றில் பலமே இல்லை. தானாக வந்து சாய்ந்தவையா, அவன் கொண்டுவந்து வைத்ததா என்று தெரியவில்லை. மூன்று விரலா, பேரம் முடிந்த முழுக் கையா? முப்பது வருஷம் சந்தையில் நின்றவனுக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன்.

பின்னால் நறுக்குகிற சத்தம் நின்றது.

"ஏனுங்," என்றாள் வசந்தாமணி. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."